இரண்டு சைலன்சரும் ஒரு நின்றகோல நிபுணரும்

நிபுணர்களில் மூன்று வகை உண்டு. படித்து நிபுணரானவர், பட்டு நிபுணரானவர், பக்கத்தில் நின்றே நிபுணரானவர். முதல் இரண்டு வகையைத் தேடிப் பிடிக்க வேண்டும். போன் பண்ண வேண்டும், பண்ணினாலும் எடுக்க மாட்டார்கள். மூன்றாவது வகையிடம் அந்தத் தொல்லையே கிடையாது. நீங்கள் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுங்கள், திரும்பிப் பார்ப்பதற்குள் வந்து நின்றுவிடுவார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் நின்றகோல நிபுணர். எங்கள் செஞ்சிக்குப் பக்கத்தில், சிங்கவரம் குன்றில், பெருமாளே கிடந்த கோலத்தில்தான் இருக்கிறார். உலகத்தைக் காப்பவருக்குக் கிடைத்த அந்த ஓய்வு நம் நிபுணருக்கு இன்னும் கிடைத்தபாடில்லை.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். போர்வெல் போடும் இடத்தில் சேறு தெறிக்காத தூரமாகப் பார்த்து நின்று, "இன்னும் நாப்பது அடி போவணும்" என்று சொன்னவர் இவர்தான். தளம் போடும் இடத்தில் கலவையை ஒரு கண்ணால் பார்த்து, "தண்ணி ஜாஸ்தி" என்றவரும் இவர்தான். சந்துக்குள் ஜல்லி லாரி பின்பக்கமாக வரும்போது, டிரைவர் கேட்காமலேயே பின்னால் போய் நின்றுகொண்டு, "வரட்டும், வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்து, காம்பவுண்டு சுவர் சாய்ந்த பிறகு, "போதும்" என்று சொன்னவர் வேறு யார்? ராஜகிரிக் கோட்டை பார்க்க வரும் வெளியூர்க்காரர்களிடம், எந்தப் படியில் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் குரங்கு தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கும், எங்கே உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் வலிக்காது என்று விலாவாரியாகச் சொல்லி அனுப்புவார். அவர் டிக்கெட் கவுண்டரைத் தாண்டி ஒரு படிகூட ஏறியதில்லை. ஏறினால்தான் தெரியுமா?

கருவியை இவர் தொட மாட்டார். அது முதல் விதி. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நீங்கள் எதைச் செய்தாலும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, 'ச்சு' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் ஒன்று போதும், இருபது வருஷம் தொழில் பார்த்தவனே முடுக்கிய நட்டை மறுபடி கழற்றிப் பார்ப்பான். பிறகு பேச்சு தொடங்கும். "நான் சொல்றன்னு தப்பா நெனைக்காத" என்பது பிள்ளையார் சுழி. "எனக்கு இன்னா, உன் வண்டி, உன் இஷ்டம்" என்பது நடுப்பகுதி. காரியம் கெட்டால், "நான் அப்பவே சொன்னன்." காரியம் கைகூடினால், "நான் சொன்ன மாதிரியே செஞ்சான் பாரு." ஆக, உலகத்தில் எது நடந்தாலும் இவருக்குத் தோல்வி கிடையாது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. பெயர் தனகோட்டி. ஏதோ ஒரு சங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடனைத்தான் இப்போது நின்று தீர்க்கிறார் போலிருக்கிறது. அவருக்கு ஓட்டத் தெரிந்த ஒரே வாகனம் சைக்கிள். அதிலும் ஏறுவதற்கு ஒரு சுவர் வேண்டும். ஆனால் கார், டிராக்டர், ஜேசிபி எதுவாக இருந்தாலும் அதன் குடல் வரைக்கும் தெரிந்தவர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் ஸ்கூட்டரின் பிரேக் பிடிக்கவில்லை என்று திருவண்ணாமலை ரோட்டில் அன்புக்கரசியின் ஒர்க் ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். அன்புக்கரசி ஐடிஐ படித்து, சென்னையில் ஒரு பெரிய கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, சொந்தமாகக் கடை போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கெட்டிக்காரப் பெண். வாய் கொஞ்சம் காரம்.

பதினோரு மணி இருக்கும். ரோட்டில் ஒரு பெரும் உறுமல் கேட்டது. எதிர்க்கடை டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே விட்டார். மேல்கூரை திறந்த, தரையோடு தரையாகப் பதுங்கிய, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நின்றது. உள்ளே இரண்டே சீட்டு. ஓட்டி வந்த ஆல்பர்ட்டுக்கு முப்பது வயது. ஒரகடத்தில் வேலை. பாண்டிச்சேரியில் யாரோ ஒருவர் கடற்கரையோரமாகவே பத்து வருஷம் நிறுத்தி வைத்திருந்த வண்டியை ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். மேலே பெயிண்ட் பளபளத்தது. அடியில் பார்த்தால் இரண்டு சைலன்சரையும் உப்புக்காற்று தின்று முடித்திருந்தது. ஓட்டையில்லாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

"அக்கா, புது சைலன்சர் ரெண்டும் மெட்ராஸ்ல இருந்து வந்துடுச்சி. டிக்கியில இருக்குது. இன்னிக்கே மாட்டிக் குடுக்கணும். அஞ்சு மணிக்கு எங்க அக்கா பையனுக்கு ஞானஸ்நானம்."

"ரெண்டு மணி நேர வேலை. ஆனா சைலன்சர் கொதிக்குதே. ஆறட்டும். அரை மணி நேரம் போயி உக்காரு."

அவன் உட்கார்ந்த நேரத்தில் என்னிடம் கதையைச் சொன்னான். அக்கா எஸ்தரை அனந்தபுரம் போகும் வழியில் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஈஸ்டர் அன்று காலைப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது இவன் இந்த வண்டியில் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தியிருக்கிறான். சாமியார் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை மறந்துவிட்டார். கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே சுருதியில் அழுதன. எஸ்தரின் மாமியாருக்கு மட்டும் அந்தச் சத்தத்தில் ஒரு சௌகரியம். ரெண்டு மைலுக்கு அந்தப் பக்கமே கேட்டுவிடுவதால் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவார், இவன் வாசலில் வந்து இறங்கும்போது கல் காய்ந்திருக்கும். ஆனால் எஸ்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஞானத்தகப்பனா கொழந்தைய ஏந்திக்கினு நிக்கணும்னா சத்தம் இல்லாம வா. கோயிலாண்ட அந்த பேய்ச் சத்தம் கேட்டுச்சி, நம்ம ஸ்டீபன் அண்ணன நிக்க வெச்சிடுவன்." ஸ்டீபன் இவர்களுடைய பெரியப்பா மகன். கூப்பிட மாட்டார்களா என்று சட்டையை அயர்ன் பண்ணி வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆள்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல சார். அந்தக் கொழந்தைய கையில வாங்கினதுலேர்ந்து இதுக்குத்தான் காத்துக்கினு இருக்கறன்" என்றான் ஆல்பர்ட். தண்ணீர் ஊற்றிய பிறகு குழந்தைக்குப் போட, ஞானத்தகப்பன் வாங்கிக் கொடுக்க வேண்டிய வெள்ளை உடுப்பையும் அவனே போய்ப் பார்த்து எடுத்திருந்தான். பாலிதீன் கவரில் மடித்து சீட்டின் மேல் வைத்திருந்தான்.

சைலன்சர் ஆறியது. அன்புக்கரசி முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, அடியில் படுத்து, ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

ஸ்பேனரை எடுத்தாள் அல்லவா? தனகோட்டி வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பெருசா புடிச்சிட்ட போல இருக்குது?"

"சைலன்சர் மாத்தறன் பெரிப்பா."

"எத்தினி?"

"ரெண்டு."

"ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு? நான் சொல்றன்னு தப்பா நெனைக்காத தம்பி, ஒண்ண அடைச்சுடு. மைலேஜ் குடுக்கும்." பிறகு குனிந்து, துருவேறிய போல்ட்டைப் பார்த்து 'ச்சு' என்றார். "அது கழலாது. வெட்டு."

அன்புக்கரசி எண்ணெய் அடித்துப் பார்த்தாள். அசையவில்லை. கட்டிங் மிஷினை எடுத்தாள்.

"வெட்டாதம்மா! பொறுமையா கழட்டு" என்றார் தனகோட்டி.

"நீங்கதான பெரிப்பா வெட்ட சொன்னீங்க?"

"நான் சொன்னா? நீ தொழில் கத்தவ, உனக்குத் தெரிய வேணாமா?"

அப்போது ஆல்பர்ட்டின் பக்கம் திரும்பி அவர் ஒன்று கேட்டார். அன்றைய நாளைக் கெடுத்த கேள்வி அதுதான். "ஆமா, சத்தம் எப்பிடி இருந்துச்சி? சத்தத்த கேட்டாதான இன்னா நோவுன்னு தெரியும்? ஒருதரம் ஸ்டார்ட் பண்ணு."

சைலன்சர் முழுக்க ஓட்டை என்பது கண்ணுக்கே தெரிகிறது. எதற்குக் கேட்க வேண்டும்? ஆனால் ஆல்பர்ட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் வண்டியின் சத்தத்தைக் கேட்க ஒரு பெரியவர் ஆசைப்படுகிறார் என்றதும் பூரித்துப்போனான். அன்புக்கரசி "வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் சாவியைத் திருப்பிவிட்டான். வண்டி உறுமியது. "ரேஸ் குடு" என்றார் தனகோட்டி. கொடுத்தான். "இன்னும்." கொடுத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பவர் போலத் தலையை ஆட்டி, "கேஸ் லீக்" என்று கண்டுபிடித்தார்.

சைலன்சர் மறுபடியும் கொதித்தது. கை வைக்க முடியாது. இன்னும் அரை மணி நேரம்.

அந்த அரை மணி முடிகிற நேரத்தில் துரைக்கண்ணு வந்தார். இவர் தனகோட்டிக்குத் தோழர், அடுத்த நிலை நிபுணர். கையில் கறிக்கடைப் பை. "இன்னா விஷயம்?" என்று கேட்டார். விஷயம் முழுவதையும் தனகோட்டி சொன்னார். "எங்க, ஸ்டார்ட் பண்ணு, கேப்போம்" என்றார் துரைக்கண்ணு. ஒருவருக்குக் கேட்கக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லையென்றால் மரியாதையா? உறுமல். ரேஸ். கொதிப்பு. அரை மணி நேரம். அதற்குள் எதிர்க்கடை டீ மாஸ்டர் கூட்டம் குறைந்ததும் வந்தார். காலையில் கேட்டபோது டீ கொட்டிவிட்டதால் சரியாகக் கவனிக்கவில்லையாம். உறுமல். ரேஸ். கொதிப்பு. ஞாயிற்றுக்கிழமை, எல்லாருக்கும் லீவு. மத்தியானம் பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் பஸ்ஸை விட்டுவிட்டு இங்கே நின்றார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? என் ஸ்கூட்டரின் பிரேக் வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெயில் தாழட்டும் என்று நின்றேன். நானும் ஒரே ஒரு தடவை, "இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும்?" என்றேன். சும்மா ஒரு சந்தேகம்தான்.

ஒரு கட்டத்தில் அன்புக்கரசி எழுந்து வந்து, சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "இனிமே யாருன்னா ஸ்டார்ட் பண்ணுன்னு சொன்னீங்க, அவுங்க வாயில சைலன்சர் மாட்டுவன்" என்றாள். அதன் பிறகு வேலை நடந்தது. பழையது இரண்டும் வெட்டி இறங்கியது. புது ரப்பர் மாட்டி, புது சைலன்சர்களைத் தூக்கி நிறுத்தி, இணைப்பில் வெல்டிங் வைத்து முடித்தபோது மணி மூன்றே முக்கால். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள் என்று அவள் சொன்ன பிறகும் எல்லாரும் பார்த்தோம்.

இனி ஒரு சோதனைதான் பாக்கி. புகை வரும் குழாயைத் துணியால் அழுத்தி அடைத்து இஞ்சினை ஓடவிட்டால், இணைப்பில் எங்காவது கசிவு இருந்தால் புஸ்ஸென்று சத்தம் வரும். இந்த வண்டிக்குக் குழாய் இரண்டு. அன்புக்கரசி சாவியை ஆல்பர்ட்டிடம் கொடுத்து, "நான் சொன்ன உடனே ஸ்டார்ட் பண்ணு" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த அழுக்குத் துணியை ஒரு குழாயில் திணித்தாள். இன்னொரு துணி எடுக்க உள்ளே போனாள்.

இங்கேதான் வரலாறு காணாத ஒன்று நடந்தது. தனகோட்டி, முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

ஒர்க் ஷாப்புகளில் கை துடைப்பதற்கு பனியன் வேஸ்ட் என்று ஒன்று வாங்குவார்கள். பனியன் கம்பெனியில் மிஞ்சும் வெள்ளைத் துண்டுத் துணிகள், பாலிதீன் கவரில் அடைத்து வரும். தனகோட்டி பார்த்தார். சீட்டின் மேல் பாலிதீன் கவர். உள்ளே வெள்ளையாக, மெத்தென்று துணி. இத்தனை நேரம் சும்மா நின்றோமே, இந்தப் பெண்ணுக்கு ஓர் ஒத்தாசை செய்வோம் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான், அதில் சந்தேகமே இல்லை. கவரைக் கிழித்தார், துணியைச் சுருட்டினார், இரண்டாவது குழாயில் நன்றாகக் கட்டை விரலால் திணித்தார். திணித்துவிட்டு உள்ளே இருந்தவளுக்காகத் தானே உத்தரவும் கொடுத்தார்.

"ம், ஸ்டார்ட் பண்ணு!"

ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, அன்புக்கரசி எப்போது சொல்வாள் என்று கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்த ஆல்பர்ட், பக்கத்துச் சீட்டிலிருந்து கவர் போனதைக் கவனிக்கவில்லை, பின்பக்கமும் அவனுக்குத் தெரியாது. சாவியைத் திருப்பினான். "ரேஸ் குடு." கொடுத்தான். மாற்றாமல் விட்ட முன்பக்கத்துப் பழைய குழாய்களில் பத்து வருஷமாகப் படிந்து கிடந்த கரியும் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து வந்து முட்ட, பொட்டென்று ஒரு சத்தத்துடன் அந்தத் துணி பறந்துபோய் துரைக்கண்ணுவின் கறிப் பையின் மேல் விழுந்தது. துரைக்கண்ணு அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். இரண்டு குட்டிக் கைகள். கழுத்தில் லேஸ். நெஞ்சில் சரிகையில் ஒரு சின்னச் சிலுவை. மீதியெல்லாம் கறுப்பு.

ஆல்பர்ட் இறங்கி வந்தான். அந்த உடுப்பைக் கையில் வாங்கினான். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது எனக்கு. சும்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எத்தனை நேரம் அந்த மௌனம் இருந்திருக்கும்? ஐந்து நொடி. அதற்கு மேல் இந்த இனத்தால் தாங்காது.

"சோப்புத்தூள்ல ஊற வெச்சா போயிடும்" என்றது ஒரு குரல்.

"எலுமிச்சம்பழம் தேயி."

"கரிக்கெல்லாம் அது ஆவாது. பெட்ரோல்ல அலசு, பளிச்சினு ஆயிடும்" என்றார் துரைக்கண்ணு.

"கொழந்தைக்குப் போட்டுட்டு பக்கத்துல மெழுகுவத்தி ஏத்துவாங்க. பெட்ரோல்ல அலசணுமா?" என்று உள்ளேயிருந்து வந்த அன்புக்கரசி கேட்டாள். பிறகு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "இத்த எவன் எடுத்தது?" என்றாள்.

எனக்கு இந்த இனத்தின் சுபாவம் தெரியும். "கவர அங்க வெச்சது யாரு தப்பு?" என்று ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். தனகோட்டியின் வாயும் அதற்குத் தயாராகத் திறந்தது. ஆல்பர்ட்டின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடினார்.

"நான்தாம்மா எடுத்தன்" என்றார். "வேஸ்ட்டுனு நெனைச்சிட்டன். தப்பு எம்மேலதான்."

முப்பது வருஷமாக அவரைத் தெரியும். இந்த வாக்கியத்தை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். எனக்கு அவர் மேல் சட்டென்று ஒரு பிரியம் வந்துவிட்டது. "ஏறுங்கள்" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் பறந்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது.

துணிக்கடையில் குழந்தைக்கு வெள்ளை உடுப்பு கேட்டார். நாலைந்து எடுத்துப் போட்டார்கள். தனகோட்டி அவசரமாக ஒன்றை எடுத்தார். பக்கத்தில் 'ச்சு' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். முன்பின் தெரியாத ஒரு மனிதர், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நைலான் லேஸ் வெச்சது எடுக்காதீங்க, கொழந்தைக்கு அரிக்கும்."

தனகோட்டி அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

"கழுத்து சின்னது. தல நுழையாது. கொழந்தைக்கு எத்தினி மாசம்?"

"அஞ்சு."

"அப்ப ஒரு வருஷத்து சைஸ் எடுங்க. வளர்ற கொழந்த."

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்யா!"

"எனக்கு இன்னா, உங்க கொழந்த, உங்க இஷ்டம். வெள்ளை எடுக்கறீங்க, அழுக்காயிடும்னு சொன்னன்."

தனகோட்டியின் முகம் சிவந்தது. "யாருய்யா நீ? உன்ன யாரு கேட்டாங்க? உன் வேலைய பாத்துக்கினு போயேன்யா!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அந்த மனிதர் துளியும் கோபப்படாமல், "நல்லது சொன்னா இந்தக் காலத்துல யாரு கேக்கறாங்க?" என்று என்னிடம் சொன்னார். தனகோட்டி கையிலிருந்ததையே பில் போடச் சொன்னார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது மணி நாலரை. அன்புக்கரசி சோதனையை முடித்து வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியிருந்தாள். ஆல்பர்ட் ஸ்டார்ட் பண்ணினான். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் சாவியைத் திருப்பப் போனான்.

"ஓடிக்கினுதான்யா இருக்குது!" என்றாள் அன்புக்கரசி, மூன்று மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்து.

நாங்கள் எல்லாரும் காதைச் சாய்த்தோம். பானட்டில் கை வைத்துப் பார்த்தால்தான் மெல்லிய ஓர் அதிர்வு. துரைக்கண்ணுவுக்கு மனசே ஒப்பவில்லை. "புலி மாதிரி இருந்த வண்டி, பூனையாயிடுச்சே" என்று முணுமுணுத்தார். தனகோட்டி மட்டும் எதுவும் சொல்லாமல் புது உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அக்காவிடம் தானே நேரில் வந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். வண்டி கிளம்பியதும் தெரியவில்லை, திருப்பத்தில் மறைந்ததும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது மறுநாள் ஆல்பர்ட் வாயால் கேட்டது.

ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே கோயிலுக்குப் போய்விட்டார்களாம். வண்டியைக் கோயிலுக்குப் பின்பக்கம் புளியமரத்தடியில் நிறுத்தினான். கையெல்லாம் கரி. இந்தக் கையோடு குழந்தையைத் தொடலாமா என்று குழாயடிக்குப் போனான். சோப்பை எடுத்தபோது பின்னால் ஒரு குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது: "நான் சொல்றன்னு தப்பா நெனைக்காத தம்பி. மொதல்ல தேங்கா எண்ண போட்டு தேயி. அப்புறந்தான் சோப்பு." பக்கத்து வீட்டில் எண்ணெய் வாங்கி வந்தவரும் தனகோட்டிதான். தேய்த்தான். நன்றாகத்தான் போயிற்று. ஆனால் இருபது நிமிடம் பிடித்தது.

கோயிலுக்குள்ளே எஸ்தர் வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மாமியாரும்தான். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. சத்தமில்லாமல் வா என்று சொன்னவளும் அவள்தான், சத்தம் கேட்கவில்லையே என்று தவித்தவளும் அவள்தான். போன் அடித்தாள். போன் வண்டியில் கிடந்தது. "ரெண்டு மைலுக்கு அந்தாண்டையே கேக்குமே! இன்னும் செஞ்சியே தாண்டல போல இருக்குது" என்றார் மாமியார். சாமியாருக்கு ஆறு மணிக்கு இன்னோர் ஊரில் பூசை. எவ்வளவு நேரம் நிற்பார்? ஸ்டீபன் அயர்ன் பண்ணிய சட்டையோடு எழுந்து நின்றார்.

ஆல்பர்ட் ஏன் முதலில் உள்ளே போய்த் தலையைக் காட்டவில்லை? அவனுக்கு அந்தப் பழக்கமே இல்லை, ஐயா. 'வந்துவிட்டேன்' என்று வாயால் சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு வந்ததே கிடையாது. ஓட்டைச் சைலன்சர் இரண்டும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தனகோட்டியிடமிருந்து உடுப்பை வாங்கிக்கொண்டு சுத்தமான கையோடு வாசலில் போய் நின்றபோது, தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. குழந்தை ஸ்டீபன் கையில் இருந்தது. அடுத்தது வெள்ளை உடுப்பு. சாமியார் கையை நீட்ட, உடுப்பு எங்கே என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பர்ட் நடுவழியாக நடந்து போய்க் கொடுத்தான்.

"எப்படா வந்த?" என்றாள் எஸ்தர். "சத்தமே கேக்கலியேடா!"

"சத்தம் இல்லாம வான்னு நீதானக்கா சொன்ன."

"எனக்கு அழுகையே வந்துடுச்சி சார்" என்று என்னிடம் சொன்னான் ஆல்பர்ட். எஸ்தரும் அழுதாளாம். உடுப்பை அவனையே போடச் சொன்னாளாம். ஞானத்தகப்பன் மாறிவிட்டாலும் தாய்மாமனை யாராலும் மாற்ற முடியாது என்று மாமியார் சமாதானம் சொன்னாராம். கழுத்து கொஞ்சம் சின்னதுதானாம், தலை நுழையச் சிரமப்பட்டதாம். பின் வரிசையிலிருந்து எழுந்த தனகோட்டி, "ஒரு பக்கமா சாச்சி போடு தம்பி" என்று சொல்ல வாயெடுத்து, இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாராம். அதை நினைத்துக்கொண்டு ஆல்பர்ட் சிரித்தான். கண் மட்டும் இன்னும் சிவந்திருந்தது.

இதோடு கதை முடிந்தது. இனி உங்களிடம் ஒரு கேள்வி.

கையை அப்புறம் கழுவிக்கொண்டிருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா? கோயில் வாசலில் ஒரு ஹாரன் அடித்திருக்கலாமே என்று? யாராவது ஒரு பையனைப் புளியமரத்தடிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கலாமே என்று? போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும், உடுப்பை டிக்கியில் வைத்திருக்க வேண்டும், அதெல்லாம் கிடக்கட்டும், காலையிலேயே ஓர் ஆட்டோ பிடித்துப் போயிருந்தால் இத்தனை கூத்தும் இல்லையே என்று? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். தோன்றியது. இதைப் படித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று 'ச்சு' கொட்டிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்காமலா போகும்?

உங்கள் யோசனைகள் அத்தனையும் அருமையானவை. கொஞ்சம் அந்தப் பக்கமாகத் தள்ளி நின்று சொல்லுங்கள், வெளிச்சம் மறைக்கிறது.